நஜ்முன் நிஸா குடித்த தண்ணீர்

கிண்ணியா நஜ்முன் நிஸா பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் தண்ணீருக்குப் பக்கத்தில். தண்ணீர் குடிக்க மட்டும் அவள் பழகவில்லை. கேட்டால் சிரிப்பாள். அது சிரிக்கிற விஷயமில்லை என்று தெரிய அவளுக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

குடாவில் எடுத்த மட்டி தோணிகளில் வந்து இறங்கும். அதை அவித்து, ஓடு நீக்கி, சதையைப் பிரித்தெடுப்பது கரையோர வாடியில் வேலை செய்யும் பெண்களின் பாடு. நிஸா சிறு வயதிலேயே அங்கே போய்ச் சேர்ந்தவள். தலைக்கு மேல் கிடுகு, முன்னால் பெரிய அடுப்பு, அடுப்பில் கொதிக்கிற அண்டா. வேர்வை ஆறாக ஓடும். ஒதுங்குவதற்கு ஒரு மறைவு கிடையாது. ஒரு பக்கம் வீதி, மறுபக்கம் தோணி கட்டுகிற ஆம்பிளைகள். ஆகவே அங்கிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே வழியைத்தான் வைத்திருந்தார்கள். குடிக்காமல் இருப்பது. காலையில் அரைக் கோப்பை தேத்தண்ணீர், பிறகு நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு வீடு திரும்பும்வரை ஒன்றுமில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டினால் வாயைக் கொப்பளித்துத் துப்புவார்கள், விழுங்க மாட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்த பாடமில்லை இது. பக்கத்தில் இருப்பவள் செய்வதைப் பார்த்து அடுத்தவள் செய்தாள், அவ்வளவுதான்.

அவளுடைய கணவர் கலீலுர் றஹ்மான். அந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் எஞ்சின் பாஸ், எஞ்சின் திருத்துகிற மேஸ்திரி. கிண்ணியா, மூதூர், ஏன் வெருகலில் இருந்துகூட மீன்பிடிப் படகு எஞ்சின்கள் அவருடைய முற்றத்துக்கு வந்து சேரும். முற்றத்தில் பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாய்ப் பரல் ஒன்று எப்போதும் உப்பில்லாத நல்ல தண்ணீர் நிரம்பிக் கிடக்கும். கடலில் ஓடிவிட்டு வந்த எஞ்சினை அதில் இறக்கி ஓட விடுவார். உள்ளே ஏறிய உப்பெல்லாம் கழுவிப் போகும். நல்ல தண்ணீர் கொடுத்தால் எந்த எஞ்சினும் பிழைக்கும் என்பதில் மனிதருக்கு அசையாத நம்பிக்கை. எஞ்சினைப் பொறுத்தவரை அது சரியான நம்பிக்கைதான்.

குனிந்து குனிந்து வேலை செய்ததில் அவருக்கு முதுகுவலி. வலிக்கிறபோதெல்லாம் கடையில் குளிசை வாங்கிப் போடுவார். வருடக்கணக்காகப் போட்டார். கூடவே இரத்தப் பிறசரும் இருந்திருக்கிறது; அதை அவர் அளந்து பார்த்தால்தானே தெரியும்? டொக்டரிடம் போவது வேலையில்லாதவன் வேலை என்பார். கடைசியில் கால் வீங்கி, முகம் வெளிறி, சோறு கண்டாலே குமட்டுகிற நிலை வந்த பிறகுதான் நிஸா அவரைப் பஸ்ஸில் ஏற்றிப் பாலம் தாண்டித் திருகோணமலைக்குக் கூட்டிப் போனாள். பரிசோதித்த டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். குளிசையும் பிறசருமாகச் சேர்ந்து, இரத்தத்தை வடிக்கிற இரண்டு சிறுநீரகமும் பெரும்பகுதி பழுது. உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், சீக்கிரமே மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிவரும்.

டொக்டர் சொன்ன அவ்வளவிலும் பாஸின் காதில் ஏறியது ஒன்றே ஒன்று. இரத்தத்தை வடிக்கிற வடி அடைத்துவிட்டது. அடைத்த வடியை என்ன செய்வது? அதுகூடத் தெரியாதா அவருக்கு?

"அந்த டொக்டருக்கு எஞ்சின் வேலை தெரியா" என்றார் வீடு வந்ததும். "உப்பு அடைச்சா நல்ல தண்ணி குடுத்துக் கழுவணும். குறைக்கச் செல்றார். எந்த ஊரு ஞாயம்?"

நிஸாவுக்குத் தெரியாமல் கழுவத் தொடங்கினார். அவள் வாடிக்குப் போனதும் செம்பு செம்பாகக் குடித்தார். போதாக்குறைக்குச் சொந்தபந்தம் வேறு. பாஸுக்குக் கிட்னி வருத்தமாம் என்று கேள்விப்பட்ட அத்தனை பேரும் கையில் தம்பிலிக் குலையோடு வந்தார்கள். செவ்விளநீர் குளிர்ச்சி, கிட்னிக்கு நல்லது என்பது அந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம். நல்ல கிட்னிக்கு நல்லதுதான். கெட்டுப்போன கிட்னிக்கு அது என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. பாசத்தோடு வெட்டி வெட்டிக் கொடுத்தார்கள், பாஸும் மறுக்காமல் குடித்தார்.

அந்த வாரமே ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், நிஸா வீட்டுக்கு வந்தபோது அவர் கதிரையின் விளிம்பில் முன்னால் சாய்ந்து, தண்ணீரை விட்டு எடுத்த மீனாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். படுக்க ஏலவில்லை, கதைக்க ஏலவில்லை. முகம் ஊதிக் கண் இரண்டும் கோடாகிவிட்டன. பக்கத்து வீட்டு ஓட்டோவில் தூக்கிப் போட்டார்கள். பாலத்தில் போகும்போது அவர் அவளுடைய கையைப் பிடித்த பிடியை அவள் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை. என்னை விட்டுவிடாதே என்கிற பிடி அது. "எங்கயும் போக விடமாட்டன்" என்று அவள் சத்தமாகவே சொன்னாள். ஓட்டோக்காரனுக்கும் கேட்டது.

அவசர அவசரமாக மெஷினில் போட்டு, நுரையீரலில் ஏறி நின்ற தண்ணீரை இறக்கினார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு இருதயத்தை நிறுத்துகிற அளவுக்கு ஏறியிருந்ததாம். தம்பிலியில் அது நிறைய இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே தள்ளிவிடும், இவருடையது தள்ளவில்லை.

இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் துஷாந்தி என்றொரு நேர்ஸ். பக்கத்து ஊரான உப்புவெளிக்காரி. நாக்கு கூர்மை, கை மிருது. பாஸை நானா, நிஸாவை ராத்தா என்று அண்ணன், அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். பாஸ் கண் திறந்து மூச்சு விட்டதும் அவருடைய கழுவல் கதையைக் கேட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு கோபப்பட்டாள்.

"நானா, கிட்னி வடி எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஏன், வடி இல்லையா மிஸ்?"

"வடியும்தான். ஆனா அதோட முடியேல்ல. இடுப்புக்கு மேல, முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும், பொத்தின கையளவில, அவரைக் கொட்டை மாதிரி ரெண்டு கிடக்கு. ஒவ்வொண்டுக்குள்ளயும் ஏறக்குறையப் பத்து லட்சம் சின்ன வடி. தலைமயிரை விட மெல்லிய ரத்தக் குழாய் நூல்பந்து மாதிரிச் சுருண்டு கிடக்கும். ரத்தம் அதுக்குள்ளால ஓடேக்க தண்ணி, உப்பு, சீனி, கழிவு எல்லாம் கசிஞ்சு விழும். நல்லது கெட்டது பார்க்காது. ஒரு நாளைக்கு எவ்வளவு விழும் எண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

"நாலஞ்சு லீற்றர் வருமா?"

"நூற்றியெண்பது."

பாஸ் படுக்கையில் நிமிர்ந்தார். எரிபொருள் பரலின் கொள்ளளவு அவருக்கு அத்துப்படி. "அப்ப ஒரு பரலுக்குக் கிட்ட! பொய் சொல்லாதீங்க மிஸ். அவ்வளவும் வெளிய போனா மனுசன் வத்திப் போவானே?"

"அதுதானே கதை! விழுந்ததெல்லாம் நீளமான ஒரு குழாய்க்குள்ள போகும். அந்தக் குழாய் பார்த்துப் பார்த்துத் திரும்ப எடுக்கும். சீனி முழுக்க வேணும், எடு. உப்பு இவ்வளவு வேணும், எடு. தண்ணி இவ்வளவு காணும், எடு. மிஞ்சுற ஒண்டரை ரெண்டு லீற்றர்தான் சிறுநீராப் போறது. உங்கட கிட்னியில அந்த வடியும் குழாயும் தழும்பாப் போச்சு நானா. அடைப்பில்ல, கழுவி எடுக்க. ஆளே இல்ல வேலை செய்ய."

பாஸ் விளங்காமல் விழித்துக்கொண்டு கிடந்தார். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நிஸாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பெருநாளைக்கு முந்திய வாரம் கிண்ணியாவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் இதே கூத்துத்தான். அலுமாரி, பாய், பானை சட்டி எல்லாம் முற்றத்துக்கு வரும். வீடு வெறுமையாகும். பிறகு வேண்டியதை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து, உடைந்ததையும் கிழிந்ததையும் வெளியிலேயே விட்டுவிடுவார்கள்.

"வருசத்துல ஒரு தரம் நாங்க செய்யிறத கிட்னி நாள் முழுக்கச் செய்யுதா மிஸ்?" என்று கேட்டாள்.

"அதேதான் ராத்தா. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா உங்கட ரத்தத்தில இருக்கிற தண்ணி முழுக்க முற்றத்துக்குப் போய்த் திரும்பி வருது."

"இவருக்கு இப்ப எடுத்து வெக்கிற ஆளுக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சி. இவர் வீட்டுக்குள்ள இன்னும் பரல் பரலாத் தண்ணியக் கொண்டு போய் ஊத்தியிருக்கார்."

துஷாந்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இனி நானாவுக்கு விளக்கிற வேலை உங்களுக்குத்தான் ராத்தா" என்றாள்.

அன்றிலிருந்து நிஸா வீட்டுக்குள் ஓர் ஆட்சி நடந்தது. கருவாடு போயிற்று. அதே பொட்டாசியம் என்று வாழைப்பழமும் போயிற்று. தம்பிலிக் குலையோடு படலையைத் திறந்தவர்கள் குலையோடேயே திரும்பினார்கள். கொண்டுவந்ததை ஏற்காமல் அனுப்புவது எவ்வளவு பெரிய மரியாதைக்கேடு என்று அவளுக்குத் தெரியாதா? பாஸின் மைத்துனி ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், ஒரு கலியாண வீட்டில்கூடக் கதைக்கவில்லை. போனால் போகட்டும். தண்ணீருக்கு ஒரு சின்னப் போத்தல். காலையில் நிரப்பி வைப்பாள். தேத்தண்ணீர், கறிக்குழம்பு போக, அன்றைக்கு அவருக்குள்ளது அதுதான். தாகம் தாங்காதபோது ஒரு துண்டு ஐஸ் வாயில் வைத்துக்கொள்ளலாம்.

வாரத்தில் மூன்று நாள் பாலம் தாண்டி மெஷினுக்குப் போக வேண்டும். நான்கு மணித்தியாலம் கட்டில். இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள், பெரிய ஊசி ஏற்றுவதற்கு வசதியாக. அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே விடாமல் அதிரும். பாஸ் அதை அடிக்கடி காதில் வைத்துக் கேட்பார். "எஞ்சின் சும்மா நிண்டு ஓடுற சத்தம்" என்பார். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது. மெஷினிலிருந்து வந்த நாள் துணியாகக் கிடப்பார். முற்றத்துப் பரலில் தண்ணீர் வற்றி இலை விழுந்து கிடந்தது. சிறுநீரகம்தான் எலும்புக்குள்ளே இரத்தம் ஊறச் சொல்லி உத்தரவு கொடுக்கிறதாம்; அந்த உத்தரவும் நின்றுபோனதில் மனிதர் மெழுகுபோல வெளிறிக்கொண்டே போனார்.

இப்படியே இழுத்துக்கொண்டு போக நிஸாவுக்குச் சம்மதமில்லை. துஷாந்தியிடம் கேட்டாள். "என்ட ஒண்டக் குடுத்தா இவர் எழும்புவாரா?"

பொருந்தினால் எழும்புவார் என்றாள் துஷாந்தி. வீட்டில் பூகம்பம். "உனக்கு அல்லாஹ் தந்தது ரெண்டும் உனக்குத்தான்" என்று கத்தினார் பாஸ். மெஷினில் படுத்த இத்தனை மாதத்தில் அவர் போட்ட முதல் சத்தம் அது. மூதூரில் கட்டிக்கொடுத்த மகள் ரிஸ்னா நான் தருகிறேன் என்று அழுதாள், அவளுக்குக் கைக்குழந்தை. பள்ளிவாசல் மௌலவி மார்க்கத்தில் தடை ஒன்றும் இல்லை என்றார். இரத்தமும் பொருந்தியது. பாஸ்தான் மசியவில்லை.

"உனக்கு ஒண்டு பழுதாப் போனா?"

"ஒண்டு இருந்தா அது கொஞ்சம் பெருத்து மத்ததின்ட வேலையையும் பாக்குமாம். மிஸ் செல்லுறாங்க."

"எனக்கு வாணா."

"உங்களுக்கு வேணுமா எண்டு நான் கேக்கல்ல" என்றாள் நிஸா. "பாலத்துல என்ட கையப் பிடிச்சது ஆரு? விடமாட்டன் எண்டு செல்லிட்டன். இனி நீங்க விடச் சொன்னாலும் விடமாட்டன்."

வேண்டாம் என்று பாஸ் திரும்பச் சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. அவள் அதையே ஓமாக எடுத்துக்கொண்டு, சிறுநீரகம் மாற்றிப் பொருத்துகிற கண்டி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

கண்டியில் அவளை அக்குவேறு ஆணிவேறாகப் பரிசோதித்தார்கள். எல்லாம் நல்லது. ஒன்றைத் தவிர. ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சேர்ந்தது கொஞ்சம்தான், அதுவும் கறுத்த தேத்தண்ணீர் நிறத்தில். ஸ்கேனில் இடது பக்கம் மணல் அளவில் ஒரு துகள்.

"நீங்கள் தண்ணீர் குடிப்பதே இல்லையா?" என்று கேட்டார் அங்கிருந்த டொக்டர். "சிறுநீரகக் குழாய் எவ்வளவு தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்திருக்கிறது. பாவம், வேறு என்ன செய்யும்? மிஞ்சிய உப்பு கரைய இடமில்லாமல் கல்லாகிறது. ஒரு சிறுநீரகத்தோடு வாழப்போகிறவருக்குக் கல் வரக்கூடாது. வந்து அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று இல்லை. நாளைக்கு மூன்று லீற்றர் குடியுங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம். அப்போதும் இப்படித்தான் என்றால் உங்களிடமிருந்து எடுக்க முடியாது."

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. மட்டி அண்டாவுக்கு முன்னால் வாயைக் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரெல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றது. குடிப்பது என்ன பெரிய வேலையா? குடித்துவிட்டால் போகிறது. அப்படித்தான் நினைத்தாள்.

அங்கேதான் வந்தது வினை. நோன்பு பிடித்திருப்பவருக்கு முன்னால் வாயில் தண்ணீர் படுவது கூடாது என்று வளர்ந்தவள் அவள். சின்னப் பிள்ளைகூடக் கோப்பையை மறைத்துக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் ஓடும். பாஸ் வருடம் முழுவதும் நோன்பாளி மாதிரித்தான் இருந்தார். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டும் திறக்க முடியாத நோன்பு. கதிரையில் உட்கார்ந்து ஒரு துண்டு ஐஸை நாக்கில் வைத்துக் கண்ணை மூடியிருக்கிற மனிதருக்கு முன்னால் குவளை நிறைய ஊற்றி மடக்கு மடக்கென்று குடிப்பதா? குடத்தில் குவளை முட்டுகிற சத்தம் கேட்டாலே அவருடைய தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். வீடோ இரண்டு அறை. எங்கே நின்று குடித்தாலும் கேட்கும். கிணற்றடியில் கொஞ்சம், பக்கத்து வீட்டில் கொஞ்சம் என்று களவாகக் குடித்தாள். வாடியிலும் பழைய கதைதான், மறைவில்லை. மூன்று லீற்றர் எங்கே, ஒன்றுகூடத் தேறியிருக்காது. அவளுடைய பிடிவாதம் ஊருக்கே தெரியும். ஒரு குவளைத் தண்ணீரிடம் அது தோற்றுக்கொண்டிருந்தது.

மூன்று மாதத்தில் பாதி போயிற்று. பாஸை மெஷினில் போட்டிருந்த ஒரு நாள் துஷாந்தி நிஸாவிடம் சிறுநீர் எடுக்க ஒரு சிறு குப்பியைக் கொடுத்து, எதற்கும் இடையில் ஒரு தரம் பார்ப்போம் என்றாள். நிரப்பிய குப்பியைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பிடித்த துஷாந்தியின் முகம் மாறியது.

"ராத்தா, நீங்க என்னை ஏமாத்துறீங்களோ, உங்களை ஏமாத்துறீங்களோ? இது குடிக்கிற ஆளின்ர நிறமில்ல. இப்பிடியே கண்டிக்குப் போனா ஏலாது எண்டுதான் சொல்லுவினம். விளங்குதோ?"

"குடிக்கிறன்தான் மிஸ்" என்றாள் நிஸா தரையைப் பார்த்துக்கொண்டு.

கட்டிலில் கிடந்த பாஸ் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த பஸ் பாலத்தில் ஏறும்போது கடலைப் பார்த்தபடி இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலப் படுக்கையில் விழவில்லை. குசினிக்குப் போனார். குடத்திலிருந்து தண்ணீர்க் கூசாவை நிரப்பினார். வலது கையால்தான் தூக்க வேண்டும், கொஞ்சம் சிந்தியது. கதிரை ஒன்றை இழுத்து அவளை இருத்தி, இன்னொன்றை எதிரில் போட்டுத் தானும் இருந்தார். குவளையை நிறைத்து நீட்டினார்.

"குடி."

"பொறகு குடிக்கிறன்."

"இப்ப குடி. எனக்கு முன்னால."

"எப்பிடிங்க குடிக்கிற?" அவள் குவளையை விலக்கினாள். "நீங்க இப்பிடிக் காஞ்சு போய் இருக்கக்குள்ள எனக்குத் தொண்டைக்குள்ள எப்பிடி இறங்கும்?"

"நான் குடிக்க ஏலாது. நீ குடிக்கிறதப் பாக்க எனக்கு ஏலும்." பாஸ் நீட்டிய குவளை பின்வாங்கவில்லை. "கழுவுறன் கழுவுறன் எண்டு நான் குடிச்சுக் குடிச்சுச் சாகப் பாத்தன். நீ குடிக்காம என்னைச் சாகவெக்கப் போறியா? உன்ட கிட்னி எனக்கு வாணாம் எண்டு சென்னன்தானே. இப்ப செல்றன் கேள். எனக்கு வேணும். நான் வாழணும் புள்ள. குடி."

எனக்கு வேணும் என்ற அந்தச் சொல்லுக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள்! அழுதுகொண்டே குடித்தாள். பாதி கண்ணீர்தான் போயிருக்கும். ஒவ்வொரு மடக்குக்கும் அவருடைய தொண்டையும் சேர்ந்து ஏறி இறங்கியது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. குவளை காலியானதும் வாங்கி மறுபடி நிரப்பினார்.

அதற்குப் பிறகு பாஸ் ஒரு சட்டம் போட்டார். ஐந்து வேளைத் தொழுகை முடிந்ததும் இரண்டு இரண்டு குவளை, அவருக்கு எதிரில் இருந்து. அவள் தொழுகை விரிப்பை மடிக்கும் முன்னமே கூசாவோடு கதிரையில் வந்து இருந்துவிடுவார். பொல்லாத வாத்தியார்! மிச்சம் வைத்தால் விடமாட்டார். தாகம் அவரைத் தின்றது, அவள் அறிவாள். ஆனாலும் அந்த நேரங்களில் அவருடைய முகத்தில் வெளிறலையும் மீறி ஒரு வீறாப்பு இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு ஓர் எஞ்சின் அவருடைய கைக்கு வந்திருந்தது.

வாடிப் பிரச்சினைக்கும் அவரே முடிவு கட்டினார். கவிழ்ந்து கிடந்த பழைய படகு ஒன்றின் பலகைகளைக் கழற்ற வைத்து, தகரம் அடித்து, குழி வெட்டி, கதவும் பூட்டுமாகப் பெண்களுக்கென்று ஒரு மறைவிடம். தன்னால் தூக்க ஏலாது. கரையில் கதிரை போட்டு இருந்து, தான் முன்பு எஞ்சின் பழுது பார்த்துக் கொடுத்த படகுக்காரர்களை விரட்டி விரட்டிச் செய்வித்தார். அடுத்த கிழமை வாடியில் ஒவ்வொரு பெண்ணின் பக்கத்திலும் ஒரு தண்ணீர்ப் போத்தல் நின்றது. இவ்வளவு காலமும் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

ஒரு காலையில் நிஸாவுக்குக் கடுகடுத்து வலித்து அந்த மணல் சிறுநீரோடு போய்விட்டது. கண்டி ஸ்கேனில் இரண்டு பக்கமும் துப்புரவு. சிறுநீர் வைக்கோல் நிறம். டொக்டர் தாளிலிருந்து தலையை எடுத்து, "இது அதே ஆள்தானா?" என்று கேட்டார். அதற்கும் பிறகு சில சோதனைகள், சில கையெழுத்துகள். எடுக்கலாம் என்றார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் பாஸுக்கு வந்த சந்தேகம் எஞ்சின் பாஸுக்கு மட்டுமே வரக்கூடியது. "பழைய ரெண்டையும் கழட்டாமலா புதுசப் பூட்டுவீங்க?" ஓம், பழையது அதன் பாட்டில் கிடக்கும், புதியதை அடிவயிற்றில் வைத்துக் குழாய்களைப் பொருத்துவோம் என்றார்கள். "மூணு எஞ்சின் படகு" என்றார் நிஸாவிடம். இரண்டு பேருக்கும் பயம். அதனால் இரண்டு பேரும் நிறையச் சிரித்தார்கள்.

நிஸா கண் விழித்தபோது இடுப்புப் பக்கம் யாரோ கத்தியை வைத்துவிட்டு எடுக்க மறந்ததைப் போல வலித்தது. அவர் எப்படி என்றுதான் முதலில் கேட்டாள். பொருத்திய மேசையிலேயே அது வேலை தொடங்கிவிட்டது, சிறுநீர் ஓடுகிறது என்றாள் அங்கிருந்த நேர்ஸ். நிஸா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு வலிக்க வலிக்க அழுதாள்.

இரண்டாம் நாள் அதே நேர்ஸ் வந்து முறையிட்டாள். "அம்மா, உங்கட வீட்டுக்காரர் தண்ணி குடிக்கமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறார். புதுக் கிட்னிக்கு நிறையத் தண்ணி வேணும். கூசா நிறைய வெச்சிருக்கு. தொடவே இல்ல. நீங்க வரணுமாம்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நேர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். அறை வாசலில் முகமூடி கட்டிவிட்டார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த பாஸைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அந்த மெழுகு நிறம் போய் முகத்தில் மனிதக் களை வந்திருந்தது. மேசையில் கூசா நிரம்பி இருந்தது, பக்கத்தில் குவளை.

"ஏன் குடிக்கல்ல?" என்றாள்.

"நீ இல்லாம எப்பிடிக் குடிக்கிற?" என்றார் பாஸ். "நான் பாத்திருக்க நீ குடிச்சாய். இப்ப நான் குடிக்கிறத நீ பாக்கணும்."

நிஸா கட்டில் விளிம்பில் மெதுவாக இருந்தாள். குவளையை விளிம்பு வரை நிரப்பினாள். பாஸ் அதையே உற்றுப் பார்த்தார். ஒன்றரை வருடமாக அவர் கையில் நிறைந்த குவளை இருந்ததில்லை. நேர்ஸைப் பார்த்து, பயந்த குரலில் கேட்டார்.

"மிஸ், இப்ப கழுவலாமா?"

அந்தப் பெண்ணுக்கு அது என்ன கேள்வி என்று விளங்கவில்லை. நிஸாவுக்கு விளங்கியது. சிரித்தால் தையல் இழுக்கும். இடுப்புப் பக்கத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கழுவலாம்" என்றாள். "குடிங்க."

அவர் குடித்தார். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு, நிறுத்தாமல் குவளையின் அடி வரை. அவருடைய தொண்டை ஏறி இறங்குவதை அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்த பாஸ் வாயைத் துடைத்துக்கொண்டு, வலது கையால் கூசாவை எடுத்து, அதே குவளையை அவளுக்காக நிரப்பினார்.